நேராக்கப்பட்ட ஓடையை மீண்டும் வளைய விட்டோம்: தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

கம்பைநல்லூர்ப் பக்கத்து உறுப்பினர்

தூர்வாரியதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். தூர்வாரிய பிறகு ஓடைக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுபவர்கள் குறைவு என்பதால் நம் குழுவில் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் ஓடை கம்பைநல்லூர் ஆற்றில் சேர்ந்து, அதன் வழியாகத் தென்பெண்ணைக்குப் போவது. சில ஆண்டுகளுக்கு முன்பு பொக்லைனைக் கொண்டு அதன் வளைவுகளையெல்லாம் வெட்டி, கரையில் இருந்த புங்கனையும் நொச்சியையும் சீமைக் கருவேலத்தோடு சேர்த்தே வேரோடு வாரிப் போட்டு, வாய்க்காலைப் போல நேராக்கினார்கள். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் வளைந்து வளைந்து இறங்கிய அதே இறக்கத்தை இப்போது குறைந்த தூரத்திலேயே இறங்க வேண்டியிருந்ததால், தண்ணீரின் வேகம் கூடி, அடுத்து வந்த புரட்டாசி மழையிலேயே ஓடையின் தரை அறுபடத் தொடங்கியது. அறுபட்ட இடம் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குப் படிபோல நின்று, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்புறம் ஏறி வந்து, கடைசியில் சிறுபாலத்தின் அடித்தளத்தையே வெளியே காட்டியது. தரை தாழ்ந்ததும் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழ்ந்தது. கிணற்று நீர் ஓடைக்குள் வடிந்து ஓடையோடு போய்விட்டது.

பழைய வளைவுகள் எங்கே இருந்தன என்பதை நினைவிலிருந்து சொன்னவர்களிடையே சண்டைதான் வந்தது. கிராம நிர்வாக அலுவலகத்தில் வாங்கிய புல வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகே அடங்கினார்கள். ஓடைப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட கோடு இன்றைய ஓடையை விட்டு விலகி ஒரு புளியந்தோப்புக்குப் பின்னால் சுற்றி வந்தது. அந்தப் பழைய தடம் மேடாகிக் கோரை முளைத்துக் கிடந்தாலும், யாரும் பயிர் வைக்காமல் விட்டிருந்தது எங்கள் நல்ல காலம்.

தடத்தின் வாயை மட்டும் திறந்தோம், உள்ளே ஆழப்படுத்தவில்லை. நேர்வெட்டின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சற்றுச் சாய்வாக ஒரு கல்வரிசை வைத்தோம். அடிவரிசைக் கற்களைத் தரைக்குள் புதைத்து, நடுவில் தாழ்வாகவும் கரையோரம் உயர்வாகவும் வைத்தால்தான் வெள்ளம் நடுவழியே போகும், கரையைக் குடையாது. வளைவின் வெளிக்கரையில் நொச்சிப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி, சற்று மேலே நீர்மருதுக் கன்றுகளை நட்டு, ஆடுகள் தின்னாதபடி சீமைக் கருவேல முள்ளையே வெட்டிப் படல் கட்டினோம். அந்த மரத்தால் நான் கண்ட ஒரே உபகாரம் இதுதான்.

மழை வந்த பிறகு நடந்ததை நாங்கள் செய்தது என்று சொல்ல முடியாது, ஓடையே செய்துகொண்டது. வளைவின் உள்பக்கம் தண்ணீர் மெதுவாகப் போனதால் அங்கே மெல்லிய மணலைப் படியவிட்டது. வெளிப்பக்கம் வேகமாகப் போன இடத்தில் அரித்து ஒரு மடுவை உண்டாக்கியது. மடுவுக்குக் கீழே கூழாங்கல் சேர்ந்து, தண்ணீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற இடம் உருவானது. அந்தக் கூழாங்கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், மணல்துகள்களை ஒட்டவைத்து விரல்நகம் அளவுக்குக் கூடு கட்டிக்கொண்டு புழுக்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தின்னும் சிறுமீன்கள் கோடையிலும் மடுவில் தங்குகின்றன. செங்குத்தான மண்கரையில் மீன்கொத்தி வளை தோண்டியிருக்கிறது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிய ஓடையில் அது எங்கே போய்த் தோண்டும்?

காவேரிப்பட்டணம் உறுப்பினர்

நீங்கள் சொன்னது சிற்றோடையின் கதை. தென்பெண்ணையில் எங்களுக்கு மணலே போய்விட்டது. நான் சிறுவனாக இருந்தபோது கோடையில் ஆற்று மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். பெண்கள் அகப்பையால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான். அவ்வளவும் வெயில் படாமல் தண்ணீர் நிற்கும் இடம். அந்த மணலை அள்ளிய இடத்தில் இன்று களியும் பாறையும் தெரிகின்றன. கிருஷ்ணகிரி அணை 1950களின் இறுதியிலிருந்து மேலிருந்து வரும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்வதால், போனது அவ்வளவு எளிதில் திரும்பி வராது. எனவே எஞ்சியிருக்கும் மணல் திட்டுகளைத் தொடாமல் விடுவதைத்தான் எங்கள் ஊரில் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கல்வரிசையெல்லாம் அதற்குப் பிறகு.

ஓசூர் உறுப்பினர்

இருவரும் கொடுத்து வைத்தவர்கள், உங்களுக்குத் தண்ணீராவது தண்ணீராக வருகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி தென்பெண்ணையில்தான் இறங்குகிறது. சோப்பும் சலவைத்தூளும் கலந்த கழிவு நீரோடு அது கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, மதகு வழியே விழும்போது நுரையாகப் பொங்கித் தரைப்பாலத்தை மூடுகிறது. வளைவும் மடுவும் மீண்டும் கிடைத்தாலும் தண்ணீரில் உயிர்க்காற்று இல்லாவிட்டால் அங்கே மீன் வாழாது. தேங்கும் மடுக்களில் ஆகாயத்தாமரைதான் மண்டும். ஆற்றின் உடலைச் சரிசெய்யும் வேலையும் கழிவைச் சுத்திகரிக்கும் வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உங்கள் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை.

ஊத்தங்கரை உறுப்பினர்

அண்ணா, எங்கள் பயம் வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதும் எல்லோரும் பார்த்ததுதான். ஓடையை வளைய விட்டால் அந்த வெள்ளம் இன்னும் மெதுவாக வடிந்து ஊருக்குள் நிற்காதா? அதோடு, கரையை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்பவர் எதற்கு இடம் விட வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர், தருமபுரி

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அவ்வளவு மழைக்கு எந்த ஓடையும் தன் கரைக்குள் அடங்காது. வெள்ளம் எங்கே பரவ வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோமா, அதுவே தீர்மானித்துக்கொள்கிறதா என்பதே கேள்வி. ஊருக்கு மேலே இருக்கும் ஓடைகளையெல்லாம் நேராக்கினால் எல்லா வெள்ளமும் ஒரே நேரத்தில் ஊர்ப்பாலத்துக்கு வந்து சேரும்; மேலேயே வளைந்து, தாழ்ந்த நிலத்தில் பரவி, ஏரிக்குள் இறங்கி வந்தால் உச்சம் தணியும். ஊருக்குள் ஓடும் பகுதியில் மட்டும் வளைவுக்கு இடமில்லை. அங்கே ஆக்கிரமிப்பை நீக்கி அகலத்தைத் திரும்பக் கொடுப்பதுதான் வழி.

இதில் நாம் முன்னோடிகள் அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிஸ்ஸிமி என்ற ஆற்றை வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். சதுப்பு நிலம் காய்ந்தது, நீர்ப்பறவைகள் போயின. பிறகு அதே அரசே 1999இல் கால்வாயின் ஒரு பகுதியை மண்கொண்டு மூடத் தொடங்கி, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பி, 2021இல் வேலையை முடித்தது. வெட்டியதைவிட மூடுவதற்கு எத்தனை மடங்கு காலம் ஆயிற்று என்று பாருங்கள்.

பட்டா விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது. புறம்போக்கு எல்லைக்குள்ளேயே தொடங்குங்கள். தன் கரை சரிவது நின்றுவிட்டதைப் பார்க்கும் பக்கத்து நிலக்காரர் ஒரு முழம் தானாக விடுவார், சிலர் கடைசிவரை விட மாட்டார்கள்.

கம்பைநல்லூர்ப் பக்கத்து உறுப்பினர்

ஐயா, சிறுபாலத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் படி இன்னும் மேலே ஏறி வருகிறது. அடுத்த கல்வரிசையைப் படிக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

ஓய்வுபெற்ற பொறியாளர், தருமபுரி

கீழே. படிக்கு மேலே வைத்தால் அரிப்பு ஏறி வந்து அதன் அடியைக் குடைந்து கவிழ்த்துவிடும். படிக்குக் கீழ்ப்புறம் தாழ்வான வரிசைகளாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒன்று தேக்கும் தண்ணீர் அதற்கு மேலிருக்கும் வரிசையின் அடியைத் தொடும்படி இடைவெளி விடுங்கள். நாளடைவில் வண்டல் சேர்ந்து தரையே உயர்ந்து படியை மூடும். சிமெண்ட் பூச வேண்டாம், வெள்ளத்தில் ஒரு கல் நகர்ந்தால் மற்றவை தாமாக அமர வேண்டும். பாலத்தின் அடித்தளத்தை மட்டும் துறைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அது நம் கைவேலை அல்ல.