உதவி தேவை: சேலத்திலிருந்து 14 பேர், 3 இரவு, கேமராக்களோடு கடற்கரைப் பயணம். திட்டம் சரியா?

கன்னங்குறிச்சி கேமரா:
நண்பர்களே வணக்கம். சேலம், ஏற்காட்டிலிருந்து 14 பேர் படம் எடுப்பதற்காகவே கடற்கரைக்குப் போகிறோம். ஐந்து பேர் புதியவர்கள். இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம் இது: ஜனவரி 15 காலை புறப்பாடு, மதியம் பிச்சாவரம், மாலை தரங்கம்பாடிக் கடலில் சூரிய அஸ்தமனம். 16 அன்று நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 17 அன்று கோடியக்கரை, இரவு அங்கேயே கரையில் நின்று பால்வீதிப் படம். 18 திரும்புதல்.

கேள்விகள் மூன்று. வரிசை சரியா? போன முறை கடற்கரையில் பலருக்கும் விடிகாலைப் படங்கள் புகை படிந்தது போல வந்தன, ஷட்டரைப் பல வினாடி திறந்து வைத்து எடுக்கும் நீண்ட எக்ஸ்போஷர் படங்கள் எல்லாம் ஆடியிருந்தன, டிரைபாட் பூட்டுகளில் மணல் ஏறிச் சிக்கிக்கொண்டது. ஏன், எப்படித் தவிர்ப்பது? 12 சீட் வேன் பேசியிருக்கிறோம், போதுமா?

பொய்கைநல்லூர்:
முதலில் தேதியை மாற்றுங்கள். ஜனவரி 16 அல்லது 17 காணும் பொங்கல். அன்று கடலோரத்தில் எங்கே கேமராவை வைத்தாலும் ஃபிரேமில் கூட்டம்தான். 14 முதல் 18 வரை அறை வாடகையும் ஏறியிருக்கும்.

அடுத்து, தரங்கம்பாடியில் கடலில் அஸ்தமனம் கிடையாது. கடல் கிழக்கே, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் ஊருக்குள் இறங்கும். அங்கே விடியல்தான் படம். மாலையில் இருந்தே ஆக வேண்டுமென்றால் 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டையின் ஊர்ப்பக்கச் சுவரில் விழும் மஞ்சள் வெயிலை எடுக்கலாம். கடல் அரித்துப் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் காலை வெளிச்சமே பொருத்தம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் பார்த்து நாளை வையுங்கள்.

கடலில் அஸ்தமனம் வேண்டும் என்றால் கன்னியாகுமரி வரை ஓட வேண்டாம். கோடியக்கரையில் கரை மடங்கி மேற்கே திரும்புகிறது. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து, திசைகாட்டியில் சுமார் 248 முதல் 252 டிகிரியில் இறங்கும். அந்தத் திசையில் பாக் நீரிணைதான், கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். காலையில் 110 டிகிரிப் பக்கம் எழுவதும் கடலில்தான். உதயம் ஏறக்குறைய 6.30, அஸ்தமனம் 6.05. ஏப்ரலுக்கு மேல் போனால் சூரியன் வடமேற்கே நகர்ந்து நிலத்தில் இறங்கும், இந்த வசதி போய்விடும்.

ஆனால் இரவு அங்கே நிற்க முடியாது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், வனத்துறை சோதனைச் சாவடி உண்டு. வெளிமானும் மட்டக்குதிரையும் பூநாரையும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், இருட்டியதும் வெளியே வந்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

ஒண்டிக்கடை:
பால்வீதி விஷயத்தில் தேதியே தவறு. ஜனவரி நடுவில் அதன் மையப் பகுதி எழும்போது கிட்டத்தட்ட 4.35 ஆகிவிடும். 5.15க்கு விடியல் வெளிச்சம் தொடங்கிவிடும். மையம் அடிவான மூட்டத்தை விட்டு மேலே வருவதற்குள் வானம் வெளுத்துவிடும். நாளுக்கு 4 நிமிடம் வீதம் முன்னால் நகர்கிறது என்பதால் பிப்ரவரி முதல் வாரத்தில் 3.10க்கே எழும். 4 மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மேலாக நல்ல இருட்டு கிடைக்கும். எழும் திசை சுமார் 120 டிகிரி, அதாவது தரங்கம்பாடியில் நேராகக் கடலுக்கு மேலே. கேட்டை நட்சத்திரம் எழுந்து ஒன்றேகால் மணி நேரத்தில் மையம் வந்துவிடும். செயலி எதுவும் இல்லாமலே அடையாளம் இது போதும்.

கன்னங்குறிச்சி கேமரா:
அப்படியானால் தை அமாவாசையை ஒட்டி வைத்துவிடலாமா? முந்தைய மூன்று நாளா, பிந்தைய மூன்று நாளா?

ஒண்டிக்கடை:
பிந்தைய நாள்கள். இது பலரும் கவனிக்காத இடம். தேய்பிறையில் நிலா நடுஇரவுக்குப் பின் எழுந்து விடியும் வரை வானத்தில் இருக்கும். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு பிறை சரியாகப் பால்வீதி மையத்தின் பக்கத்திலேயே வந்து நிற்கும். வளர்பிறையில் நிலா மாலையில் தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். துவிதியை முதல் சப்தமி வரை எந்த நாளானாலும் விடிகாலை 4 மணிக்கு வானம் முழு இருட்டு. தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்தாலே முடிந்தது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. தை அமாவாசை அன்று வேதாரண்யம், கோடியக்கரை, பூம்புகார் எல்லாம் கடல் நீராட வருபவர்களால் நிரம்பி வழியும். அதற்கு முந்தைய நாள் முதலே வண்டி நகராது. துவிதியைக்குப் பிறகு போனால் கரை காலி. தை அமாவாசை ஜனவரி நடுவிலேயே விழும் ஆண்டாக இருந்தால் பேசாமல் மாசி அமாவாசைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் காப்பி அறுவடை இருப்பவர்களுக்கும் அது சௌகரியம்.

செட்டிங்: 20 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடி. நட்சத்திரம் இழுக்காமல் எத்தனை வினாடி எடுக்கலாம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால், இங்கே 20ஆல், வகுத்தால் 25 வினாடி வரும். ஆனால் இன்றைய சென்சார்களில் 25இல் நட்சத்திரம் கோடாக இழுக்கும். ஃபுல் ஃபிரேமை விடச் சிறிய கிராப் சென்சாரில் 16 மி.மீ. வைத்திருந்தால் 12, 13 வினாடிக்கு மேல் போகாதீர்கள். இருட்டில் ஃபோகஸ் செய்வதை அங்கே போய்க் கற்றுக்கொள்ள முடியாது. புதிய ஐந்து பேரையும் ஒரு இரவு ஏற்காடு லேடீஸ் சீட் பக்கம் நிறுத்தி, கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும் வரை ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பப் பழக்குங்கள். திருப்பியதும் அது நகராமல் வளையத்தில் ஒரு துண்டு டேப்.

ஆத்தூர் ஸ்டீயரிங்:
12 சீட் வேண்டாம். 14 பேர், 14 பை, 14 டிரைபாட். 17 அல்லது 18 சீட் டெம்போ டிராவலர், பின்னால் டிக்கி இருக்கும் வண்டி. மேல் கேரியரில் கேமரா பை ஏற்றாதீர்கள்.

வழி: ஆத்தூர், சின்னசேலம், வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம். சுமார் 190 கி.மீ., சாப்பாட்டோடு 5 மணி நேரம் வையுங்கள். திரும்பும்போது தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழி. மொத்தம் சுற்றல் சேர்த்து 750 முதல் 800 கி.மீ. வரும். பேசும்போது கேட்க வேண்டியது: நாளுக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு பேட்டா தனியா. நீங்கள் விடிகாலை 3.30க்கு வண்டி எடுக்கச் சொல்வீர்கள். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அங்கே போய்த் தகராறுதான். டிரைவர் மதியம் தூங்க அறை போடுங்கள், வண்டிக்குள் படுக்கச் சொல்லாதீர்கள்.

தரங்கம்பாடிக்கும் நாகைக்கும் நடுவே காரைக்கால், அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். வண்டிக்கு ஆல் இந்தியா பர்மிட் இல்லையென்றால் தனி பர்மிட் போட வேண்டும். வண்டிக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள்.

அம்மாபேட்டை லென்ஸ்:
புகைப்படலத்துக்குக் காரணம் மூன்று. எது உங்களுடையது என்று படத்தைப் பார்த்தே சொல்லலாம்.

அறையை விட்டு வந்த முதல் அரை மணி நேரம் மட்டும் மங்கல் என்றால் அது ஏசி. குளிர்ந்த கண்ணாடியில் கடல் காற்றின் ஈரம் படிகிறது. இரவு கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடி, ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் படம் எடுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன் பையோடு வெளியே எடுத்து, உள்ளே சூடு ஏறிய பிறகு திறவுங்கள். படிந்த ஈரத்தைத் துடைத்தால் மறுபடி படியும்.

ஆரம்பத்தில் தெளிவாக இருந்து 4.30க்கு மேல் நடுவில் மட்டும் மங்கினால் அது பனி. லென்ஸ் ஹீட்டர் பட்டை ஒன்று முன்புறக் கண்ணாடிக்குக் கீழே சுற்றி பவர் பேங்கில் சொருகுங்கள். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் இருந்தால் ஒரு விடியலுக்குத் தாராளம்.

சூரியன் வந்த பிறகு வெளிச்சப் பக்கம் மட்டும் பால் மாதிரி வெளுத்தால் அது உப்பு. அலைத் தூறல் காய்ந்து கண்ணாடியில் படிகமாக நிற்கிறது. துணியால் நேரே தேய்த்தால் கீறல் விழும். முதலில் புளோயர், அடுத்து டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுப்பது, கடைசியில் காய்ந்த துணி. ஒருவருக்கு ஐந்தாறு துணி வேண்டும், ஒன்றையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தினால் உப்பைத்தான் பூசுவீர்கள். யூவி ஃபில்டர் போட்டிருப்பது பாதுகாப்பு, ஆனால் சூரியன் ஃபிரேமுக்குள் வரும்போது கழற்றுங்கள், இல்லையேல் பச்சைப் புள்ளி வரும்.

ஆட்டம்: அலை பின்வாங்கும்போது டிரைபாட் காலுக்கு அடியில் உள்ள மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வோர் அலைக்கும் டிரைபாட் கொஞ்சம் இறங்கும். மூன்று காலையும் விரல் நீளம் அழுத்திப் புதைத்து, இரண்டு மூன்று அலை அதன் மேல் போய் அடங்கிய பிறகு எடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்றில் கேமராவின் கழுத்துப் பட்டை ஆடும், அதைக் கழற்றிவிடுங்கள்.

பின்வாங்கும் நுரைக் கோடுகள் வேண்டுமென்றால் அரை வினாடி முதல் ஒரு வினாடி. ஃபில்டர் இல்லாமல் 1/60 காட்டினால், வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் போட்டதும் ஒரு வினாடி ஆகிவிடும். தண்ணீர் முழுக்க மென்மையாக வேண்டுமென்றால் என்டி 1000, 1/30 என்பது 33 வினாடியாகும். 14 பேரும் வாங்க வேண்டாம், அளவு ஒன்றாக இருப்பவர்கள் பகிரலாம். ஒத்திகைக்கு மூக்கனேரி போதும்.

டிரைபாட்டில் மிகக் கீழே உள்ள மெல்லிய பகுதியை முதலில் முழுதாக நீட்டுங்கள். அப்போது மேல் பூட்டுகள் தண்ணீருக்கு வெளியே நிற்கும். எல்லாரும் மேலிருந்து நீட்டுவதால்தான் மணல் ஏறுகிறது. அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கால்களை நீட்டியபடியே காய வையுங்கள். மடக்கி வைத்தால் உள்ளே உப்பு இறுகும். கடலோர விடுதிகளில் குழாய்த் தண்ணீரே உப்பாக இருக்கலாம், நாவில் வைத்துப் பாருங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று டிரைபாட்டுக்கென்றே வண்டியில் இருக்கட்டும்.

பொய்கைநல்லூர்:
இணையத்தில் உள்ள வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துவிட்டு கடல் நீர் வற்றும் நேரத்தைத் தேடாதீர்கள். நாகைக் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. இங்கே கணக்கு அலை உயரம்தான்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுங்கள், குறுகிய கால்வாய்க்குள் அதுதான் போகும். ஒரு படகில் மூன்று நான்கு கேமராவுக்கு மேல் வேண்டாம். டிரைபாட் அங்கே பயனில்லை, ஷட்டர் 1/250க்குக் கீழே இறக்காதீர்கள். விடியலுக்கு முன் படகு கிடைக்காது, மாலை 3.30 வெயில் நல்லது.

கன்னங்குறிச்சி கேமரா:
திருத்திய திட்டம். தை அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் தொடக்கம், அந்த நாள் பிப்ரவரியில் வந்தால். முதல் நாள் காலை 9 மணி புறப்பாடு, மாலை பிச்சாவரம், இரவு காரைக்கால். இரண்டாம் நாள் விடிகாலை 4 மணி முதல் தரங்கம்பாடி, 10 மணிக்கு மேல் கோட்டை, மதியம் தூக்கம், இரவு வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் அதிகாலை நாகை அக்கரைப்பேட்டையில் மீன் ஏலம், பிற்பகல் உப்பளம், கோடியக்கரை அஸ்தமனம், இரவு வேதாரண்யம். நான்காம் நாள் கோடியக்கரை உதயம் பார்த்துவிட்டு ஊர்.

பொய்கைநல்லூர்:
இது சரி. உப்பளத்தில் வெள்ளைக் குவியல்களை எதிர்பார்க்காதீர்கள். மழைக்குப் பின் பாத்தி கட்டும் பருவம் அது, உப்பு வாரல் போகப் போகத்தான் கூடும். ஆனால் பாத்திகளில் நிற்கும் தண்ணீரில் வானம் தெரியும், அதுவே நல்ல படம். அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. திருச்சியிலிருந்து நடந்து வந்த அந்தப் படைக்குத் தலைவர் ராஜாஜி. உங்கள் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர்தானே, ஒரு பத்து நிமிடம் இறங்குங்கள்.

ஏலத்தில் வலையைத் தாண்டாதீர்கள், கூடையை நகர்த்தச் சொல்லாதீர்கள். 35 மி.மீ. ஒன்று போதும். 14 பேரும் ஒரே இடத்தில் மொய்க்காமல் மூன்று நான்கு பேராகப் பிரியுங்கள். முகம் எடுக்கும் முன் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பயணம் தள்ளிப்போனால் இதை நினைவில் வையுங்கள்.

ஒண்டிக்கடை:
விடிகாலை 4 மணிக்கு 14 பேர் டிரைபாட்டோடு கரையில் நின்றால் கடலோரப் போலீஸ் வந்து விசாரிப்பார்கள், அது அவர்கள் வேலை. முந்தைய மாலையே உள்ளூர்க் காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியல், வண்டி எண், நிற்கும் இடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு அடையாள அட்டை நகல். கடலோரப் பாதுகாப்பு இலவச எண் 1093.

அம்மாபேட்டை லென்ஸ்:
அறைக்கு இரண்டு பிளக்தான் இருக்கும். ஏழு அறைக்கு ஏழு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எல்லா சார்ஜரிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள், ஒரே மாதிரி பேட்டரி பத்து இருந்தால் யாருடையது என்று தெரியாது.

ஆத்தூர் ஸ்டீயரிங்:
வண்டி சீட்டில் விரிக்க நாலு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். மணலோடு ஏறினால் வாஷிங் சார்ஜ் தனியாகக் கேட்பார்கள்.