சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவுச் சுவரில் ஒரு பெயரைத் தேட உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த என் அம்மம்மாவின் தமையனார், அங்கு தொண்டர் படையில் சேர்ந்து, 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பின் ஊர் திரும்பவேயில்லை. எங்களிடம் எஞ்சியிருப்பது பூச்சி அரித்த ஒரு சீருடைப் படமும், அதன் பின்புறத்தில் மங்கிப்போன படையிலக்கமுமே; கடைசி எண் 1ஆ 7ஆ என்று தெரியவில்லை. கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட கிராஞ்சிச் சுவர்களில் அவருடைய பெயர் உண்டா என்பதைச் சிங்கப்பூரில் வாழும் உறவுகள் யாரேனும் பார்த்துச் சொல்வீர்களா? முதலெழுத்தை முன்பின்னாக மாற்றியும் தேடுங்கள். வெள்ளைக்காரர் பதிவுகளில் நம்மவர் பெயர்கள் பட்ட பாடு தனிக்கதை. பெயர் கிடைத்தால் எங்கள் ஒழுங்கைக்கு அதைச் சூட்டும்படி பிரதேச சபைக்கு எழுத எண்ணியுள்ளோம். அவ்வாறு விண்ணப்பித்தவர்கள் எந்தெந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்பதையும் அறியத் தாருங்கள்.