சின்னக் குழந்தைக்குப் படப் புத்தகம் வாங்கிய அனுபவம்

காங்கேயத்திலிருந்து, மூன்று வயதுப் பையனின் அம்மா:

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருடாவருடம் ஆகஸ்டில் போய்விடுவோம். கடையில் படப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எழுத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பேன். "பூனை ஓடியது" என்று எழுதி, ஓடுகிற பூனையை மட்டும் வரைந்திருந்தால் என் பையன் உடனே தாளைப் புரட்டிவிடுவான். அதே பக்கத்தில் கவிழ்ந்த பால் சொம்பும், கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற எலியும் இருந்தால் போதும், அங்கேயே உட்கார்ந்துவிடுவான். எலி அடுத்த பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று அவனே தேடுவான்.

எழுத்தே இல்லாத புத்தகமும் வாங்குங்கள். இவனுடைய அம்மிச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, படிக்கத் தெரியாது. ஆனால் அவரிடம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போவான். அதில் ஒரு சந்தைப் படம் வரும். அம்மிச்சி அதைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையாகவே ஆக்கிவிட்டார். "இந்தச் செவலக் கன்னுக்குட்டி ஆறு மாசம் போனா மயிலையாயிரும் சாமி" என்பார். காங்கேயம் கன்று அப்படித்தான் சிவப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும். இவனோ பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கன்று மாறிவிட்டதா என்று பார்க்கிறான்!

கோபியிலிருந்து:

நீங்கள் படத்தைப் பார்க்கிறீர்கள், நான் கூடவே தமிழை வாய்விட்டுப் படித்தும் பார்ப்பேன். இரண்டு மொழியில் வருகிற புத்தகங்களில் இது ரொம்ப அவசியம். 1996-இல் தொடங்கிய சென்னையின் துளிகா பதிப்பகத்தார் அப்படிப்பட்ட புத்தகங்கள் போடுகிறார்கள். எந்தப் பதிப்பகமானாலும் சரி, தமிழ் வரியில் நாக்குத் தடுக்கினால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நம்மால் படிக்க முடியாது.

குழந்தைக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று தெரியாவிட்டால் முதலில் பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் புத்தகப் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தைப் பாருங்கள். 2015-இல் தொடங்கியது. தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்செடுத்தும் கொடுக்கலாம். முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும். என் மகளுக்குத் துணி ஒட்டி வைத்த மாதிரிப் படங்கள்தான் பிடிக்கும் என்று அதில்தான் தெரிந்தது.

பல்லடத்திலிருந்து, ஒரு வயதுக் குழந்தையின் அப்பா:

காங்கேயம் அக்கா, கைக்குழந்தைக்குக் கூட்டமான பக்கம் சரிப்படவில்லைங்க. பக்கத்துக்கு ஒரே பெரிய படம், பின்னால் வெறும் நிறம், அவ்வளவுதான் வேண்டும். எங்கள் வீட்டை ஒட்டியே தறி ஓடுகிறது. சத்தத்தில் கதை காதில் விழாது. விரலை வைத்துக் காட்டித்தான் சொல்கிறேன். காக்காய் படம் வந்தால் பாப்பாவும் விரலை வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள்.

அப்புறம், கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் மூலையைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். மழுங்கலாக இருக்க வேண்டும். ஒரு கடையில் அவசரத்தில் வாங்கியதில் மேல் பிளாஸ்டிக் தாள் உரிந்து பாப்பா வாய்க்குள் போய்விட்டது. நல்ல வேளை, பக்கத்திலேயே இருந்ததால் எடுத்துவிட்டோம். இப்போது நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.