ஏழாம் வகுப்பிலும் நாலு வரி சொந்தமாக எழுத வரவில்லை, பள்ளி முழுக்க என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
வணக்கம். கிராமத்து நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஒன்று முதல் எட்டு வரை, என்னையும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கையெழுத்து அழகு, கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடுவார்கள். போன வாரம் ஏழாம் வகுப்பில் ‘நேற்று சாயங்காலம் என்ன செய்தாய், எழுது’ என்றேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் நோட்டில் தேதியும் தலைப்பும் மட்டும்தான். ஒரு பையன் ‘முன்னுரை’ என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். தமிழ் டீச்சர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை, மற்ற பாடங்களிலும் நோட்ஸைப் பார்த்து எழுதுவதுதானே நடக்கிறது. எல்லா ஆசிரியரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது உங்கள் பள்ளியில் நடந்திருந்தால் சொல்லுங்கள், எங்கே ஆரம்பித்தீர்கள்?

ஒற்றெழுத்து:
சார், திட்டம் போடுவதற்கு முன்னால் நோட்டுகளைப் பாருங்கள். வகுப்புக்கு மூன்று நோட்டு எடுத்து, ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக ஒரே மேசையில் வைத்து எல்லாருமாக உட்கார்ந்து படியுங்கள். நாங்கள் அப்படிப் படித்தபோதுதான் தெரிந்தது, மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை தப்பும் தவறுமாகவாவது சொந்தமாக ஏதோ எழுதுகிறது, நாலாம் வகுப்பில் கேள்வி-பதில் நோட்டு வந்ததும் அது நின்றுபோகிறது.

அப்புறம் திருத்தும் விஷயம். நான் லகர ளகரம் பார்த்துச் சுழிப்பேன், இன்னொருவர் டிக் மட்டும் போடுவார், பிள்ளைக்கு எது சரியென்றே புரியாது. இப்போது ஒரு பருவத்துக்கு இரண்டு வகைப் பிழைதான், எல்லாப் பாட ஆசிரியரும் அதை மட்டும் சுழிக்கிறோம். ஒற்று மிகும் மிகா இடமெல்லாம் எட்டாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டோம்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு ஒன்னு செத்து போச்சு நான் சோறு திங்கல’ என்று எழுதியிருந்தாள். முன்பென்றால் அந்த ஒரு வரியில் ஐந்து சுழி போட்டிருப்பேன். அன்றைக்கு ஓரத்தில் ‘குட்டி என்ன நிறம்?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒரு பக்கம் எழுதி வந்தாள். ‘போட்டுச்சு’ என்பது ‘போட்டது’ ஆனது மூன்றாவது தடவை அவளே திருப்பி எழுதும்போது.

அரும்பு டீச்சர்:
நான் ஒன்று, இரண்டு எடுக்கிறேன். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டோம், நல்லதுதான். ஆனால் 247 எழுத்தும் முடியட்டும், பிறகு வாக்கியம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அரும்பு நிலைப் பிள்ளையும் படம் வரைந்து கீழே இரண்டு சொல் எழுதும். எழுத வராதவன் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதுவேன், அவன் வீட்டில் பேசுகிறபடியே. தன் பேச்சு எழுத்தாக நிற்பதைப் பார்க்கும்போது அந்த முகம் இருக்கிறதே! முதலிலேயே ‘அப்படிப் பேசக்கூடாது, எழுத்துத் தமிழில் சொல்’ என்று நிறுத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் உங்கள் பையன் முழித்தானே, அது அங்கே தொடங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பஞ்சும் பயறும்:
அறிவியல் ஆசிரியன். எழுத்து தமிழ்ப் பாடத்தின் வேலை, எனக்குப் பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்று நானும் சொன்னவன்தான். பருவத்தின் நடுநடுவே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு எப்படியும் செயல்பாடு கொடுத்தாக வேண்டும், அதற்குள்ளேயே எழுத்தைக் கொண்டு வந்துவிட்டேன், கூடுதல் நேரம் ஆகவில்லை. டம்ளரில் ஈரப்பஞ்சு, பச்சைப்பயறு, தினம் பார்த்தது இரண்டு வரி. முதல் நாளே பாதிப் பேர் ‘விதை முளைத்தது’ என்று எழுதிவிட்டார்கள், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது! ஒருவன் மட்டும் ‘மூணாம் நாள் நாத்தம் அடிச்சது, தண்ணி மாத்தல’ என்று எழுதினான். கண்ணால் பார்த்து எழுதியவன் அவன் ஒருவன்தான். அதைத்தான் வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கணக்கு ஆசிரியரும் இப்போது வாரம் ஒரு கணக்குக்கு ‘எப்படிச் செய்தாய்’ என்று வார்த்தையில் எழுதச் சொல்கிறார்.

ஒற்றெழுத்து:
ஒன்று விட்டுவிட்டேன். எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும். சத்துணவுக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் கொடி கட்டி, கிளிப்பில் தாள்களை மாட்டுகிறோம், தட்டோடு நின்றபடி படிக்கிறார்கள். பள்ளிக் கல்வித்துறையின் சிறார் இதழ்களான ஊஞ்சல், தேன்சிட்டுக்கும் அனுப்பிப் பாருங்கள்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை மூன்று மணிக்கு நோட்டுகளோடு உட்காருகிறோம். டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எழுத வேண்டாம், சொல்லு என்றேன். பம்ப் செட்டில் குளித்ததை, அங்கே சாரைப்பாம்பைப் பார்த்ததை நிறுத்தாமல் சொன்னான். சொன்னதை அவனே எழுதட்டும் என்று தாள் கொடுத்திருக்கிறேன். அந்த ‘இரண்டு வகைப் பிழை’ என்றீர்களே, முதல் பருவத்துக்கு நீங்கள் எவற்றை எடுத்தீர்கள்?

ஒற்றெழுத்து:
ர-ற, அப்புறம் வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி. அவ்வளவுதான் சார்.