முகாம் பெண்களுக்குச் சட்டம் சொல்லித்தர ஒருவர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தருமபுரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் பெண்கள், சிறுமிகளின் பாதுகாப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

போன மாதம் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "நாங்கள் இந்த நாட்டு ஆக்கள் இல்லையே பிள்ளை, எங்கட புகாரை எடுப்பினமோ?" அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, உண்மைதான். ஆனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21வது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமானதல்ல, எல்லா மனிதருக்கும் உரியது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டமும் குழந்தை எந்த நாடு என்று பார்ப்பதில்லை. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. முகாமிலேயே பிறந்து கல்லூரி போகும் பெண்களுக்கும் இது தெரியவில்லை.

கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு மட்டும் திரும்பிவர மனம் ஒப்பவில்லை. இதையெல்லாம் எளிமையாகச் சொல்ல ஒரு பெண் வழக்கறிஞர் வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முகாமுக்குள் நுழைய உரிய அனுமதியை நான் வாங்கிவிடுகிறேன். தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், முகாமில் வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் என் கேள்வித்தாளைப் படித்து, எந்தக் கேள்வி மனதைப் புண்படுத்தும் என்று சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

தனிச் செய்தியில் எழுதுங்கள். யாருடைய பெயரையும், எந்த முகாம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டாம்.