மறு: ‘ஷிப்பிங்’ – ‘விழையிணை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கதையிலோ தொடரிலோ வரும் இருவர் காதலர்களாக வேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்படுவதை ஆங்கிலத்தில் ‘ஷிப்பிங்’ என்கிறார்கள், அப்படி ஆசைப்படுபவர் ‘ஷிப்பர்’. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த இரண்டு யோசனைகளுக்கு முதலில் என் பதில்.

> ‘கப்பல்’, ‘கப்பலோட்டி’ என்றே வைத்துவிடலாமே, சட்டென்று மனதில் நிற்கும்.

இது மட்டும் வேண்டாம். அந்தச் சொல்லுக்கும் கப்பலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1993இல் தொடங்கிய ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மல்டரும் ஸ்கல்லியும் காதலர்களாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ரசிகர்களுக்கு ‘ரிலேஷன்ஷிப்பர்’ என்று பெயர் வந்தது, அதன் வால்தான் ‘ஷிப்பர்’. வாலை மட்டும் பிடித்து மொழிபெயர்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

> அகப்பொருள் இலக்கணத்தில் ‘பாங்கற் கூட்டம்’ இருக்கிறதே, அதை எடுத்தாளலாம்.

அழகான சொல், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாங்கன், அதாவது தலைவனின் தோழன், கதைக்குள் இருக்கிறான், தலைவன் தன் மனதை அவனிடம் சொல்லுகிறான், அவனும் போய் உதவுகிறான். ரசிகருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அவர் வெளியே நின்று ஏங்குகிறார். அப்புறம், அகத்திணைச் சொற்கள் தலைவன், தலைவி என்ற அமைப்பைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். 1970களில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் நாயகர்கள் கிர்க், ஸ்பாக் இருவரையும் காதலர்களாக வைத்து ரசிகர்கள் எழுதி அச்சடித்துப் பகிர்ந்த கதைகளை விட்டுவிட்டு இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பேசவே முடியாது, அந்த இரு பெயர்களுக்கு நடுவே போட்ட சாய்கோடுதான் (‘ஸ்லாஷ்’) அவ்வகைக் கதைகளுக்கே பெயரானது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் எல்லாம் இயல்பாகப் பொருந்துகிற சொல் வேண்டும். ‘இணை’ அதற்குச் சரியாக இருக்கும்.

என் பரிந்துரை ‘விழையிணை’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகைதான். விழைந்த இணை, விழைகிற இணை, விழையும் இணை. கதாசிரியர் சேர்த்துவைத்த சோடி ‘கதையிணை’, ரசிகர் மனதில் சேர்த்துவைத்த சோடி ‘விழையிணை’. வெறும் ‘காதல் சோடி’ என்றால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும், ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ‘லிட்டில் விமன்’ நாவலின் முதல் பகுதி 1868இல் வந்ததும் ஜோவுக்கும் லாரிக்கும் கல்யாணம் செய்துவையுங்கள் என்று வாசகிகள் லூயிசா மே ஆல்காட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் பிடிகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த பகுதியில் லாரி ஜோவின் தங்கை ஏமியைக் கட்டிக்கொள்கிறான், ஜோவுக்கு ஒரு பேராசிரியர். இன்றைக்கும் அதை ஒப்புக்கொள்ளாத வாசகர்கள் இருக்கிறார்கள். கதை கைவிட்ட பிறகும் கைவிடாத அந்த விருப்பம்தான் சொல்லுக்குள் இருக்க வேண்டும், அதனால்தான் ‘விழை’ என்கிறேன்.

வினைச்சொல்லுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், ‘சேர்த்துப் பார்க்கிறேன்’ என்று நாம் பேசுவதே போதும்.

சரி, வகைகளுக்கு வருவோம். ரசிகர்கள் உயிரைக் கொடுத்து ஆதரிப்பது எதிரிகள் காதலர்களாகும் கதையை. இதற்குப் ‘பகையிணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது பகைவர் இருவர் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது, மாற்றம் தெரியவில்லை. ‘பகைக்கனிவு’ எப்படி? காய் கனிவதும் மனம் கனிவதும் இரண்டும் அதில் இருக்கின்றன. இந்த வகையில் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது முத்தக் காட்சியை அல்ல. நேற்றுவரை வாளோடு நின்றவள் அவன் காயத்துக்குத் துணி சுற்றுகிறாள், முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, முடிச்சை மட்டும் தேவைக்கு மேல் இறுக்குகிறாள், அவன் வலிக்கிறது என்று சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான், அந்த ஒரு முடிச்சிலிருந்து நூறு பக்கக் கதை எழுதிவிடுவார்கள். எதிரியைப் போல நம்மைக் கூர்ந்து கவனிப்பவர் யாருமில்லை, அந்தக் கவனம் எப்போது அக்கறையாகிறது என்று பிடிக்க முடியாததுதான் இதன் சுவை என்று நினைக்கிறேன்.

நண்பர்கள் காதலர்களாவது அதே வழியில் ‘நட்புக்கனிவு’. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஒருவரின் அசட்டுத்தனம் எல்லாம் தெரிந்த பிறகும் வருகிற காதல் என்பதால். சிடுமூஞ்சியும் கலகலப்பானவரும் சேர்வது ‘முரணிணை’. காதலிப்பதாக நடிக்கப் போய் மாட்டிக்கொள்வது ‘நடிப்புக் காதல்’, இதில் யாருக்கும் குழப்பம் வராது. வேறு யாரோடும் பார்க்கவே மாட்டேன், எனக்கு இந்தச் சோடி ஒன்றுதான் என்று அடம்பிடிப்பதற்கு ‘ஓரிணை’. கடைசியில் கதாசிரியரே சேர்த்துவைத்துவிட்டால் ‘விழையிணை கைகூடியது’ என்று சொல்லிவிடலாம்.

மெல்ல மெல்ல, வெகுநேரம் எடுத்து வளரும் காதலைச் சொல்லும் ‘ஸ்லோ பர்ன்’தான் இடிக்கிறது. ‘தணற்காதல்’ என்று எழுதிப் பார்த்தேன், சூடு வருகிறது, ஆனால் தணல் அடங்கப்போகிற நெருப்பு, இதுவோ மெல்லப் பற்றி ஏறுகிற நெருப்பு. ‘நெடுங்கனல்’ கொஞ்சம் பரவாயில்லை. இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மற்றவற்றில் மறுப்பு இல்லையென்றால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.