அமெரிக்காவின் வட கரோலினா: இன்டர்நெட் மட்டும் தரும் நிறுவனத்துக்கு மின்கம்பத்தில் இடம் கேட்க உரிமை உண்டா?

நூலிழை:
ஒரு கவுன்டியில் 210 மின்கம்பங்கள் வழியாக ஃபைபர் இழுக்க வேண்டும். 150 தனியார் மின் நிறுவனத்துடையவை, 60 மின் கூட்டுறவுடையவை. நாங்கள் தருவது இன்டர்நெட் மட்டும். டிவி, போன் கிடையாது. தனியார் நிறுவனம் "நீங்கள் டெலிகாம் நிறுவனமே இல்லை" என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. கூட்டுறவில் வாடகைப் பேச்சு இரண்டு மாதமாக இழுக்கிறது. மின்கம்பத்தில் இடம் தருவது பற்றிய மாநிலச் சட்டம் 62-350ஐக் காட்டி இரண்டையும் ஒரே மனுவாகப் போடலாமா?

கம்பத்தடி:
போட முடியாது. கம்பம் யாருடையதோ அதற்கேற்பச் சட்டமே மாறும்.

62-350 நகராட்சிக் கம்பங்களுக்கும் கூட்டுறவுக் கம்பங்களுக்கும் மட்டும்தான். மத்தியத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 224ஆம் பிரிவு இந்த இரண்டையும் தொடாமல் விட்டதால், அந்த ஓட்டையை மாநிலம் அடைத்தது. தனியார் கம்பங்களை 23 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் தாங்களே ஒழுங்குபடுத்துகின்றன. வட கரோலினா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த 150 கம்பங்களுக்கு விதி எஃப்.சி.சி. (மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம்) உடையதுதான்.

அங்கேதான் சிக்கல். 224 உரிமை தருவது கேபிள் டிவி நிறுவனத்துக்கும் டெலிகாம் சேவை தருபவருக்கும். பிராட்பேண்டை டெலிகாம் சேவையாக வகைப்படுத்திய எஃப்.சி.சி.யின் 2024 உத்தரவை ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரி 2 அன்று ரத்து செய்துவிட்டது. எனவே வெறும் இன்டர்நெட் நிறுவனம் 224க்குள் வராது. உங்களைத் திருப்பி அனுப்பியது எரிச்சலான விஷயம்தான், ஆனால் சட்டப்படி தவறில்லை. 62-350இன் வரையறையிலோ பிராட்பேண்ட் சேவை நேரடியாகவே இருக்கிறது. கூட்டுறவு இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

வழி: மாநிலப் பயன்பாட்டு ஆணையத்தில் சி.எல்.பி. (போட்டி உள்ளூர் போன் நிறுவனம்) சான்றிதழ் வாங்கி, உண்மையிலேயே ஒரு டெலிகாம் சேவையைப் பொதுவில் விற்பனைக்கு வையுங்கள். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டிவைத்தால் மட்டும் போதாது, அதையும் கேள்வி கேட்பார்கள். இதற்காகக் கேபிள் டிவி தொடங்குவது வீண் வேலை.

தராசுமுள்:
கூட்டுறவு விஷயத்தில் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் 90 நாள். பேச்சுவார்த்தை கேட்ட நாளிலிருந்து 90 நாளில் ஒப்பந்தம் வராவிட்டால், அல்லது அதற்கு முன்பே முட்டுக்கட்டை விழுந்துவிட்டால், இரு தரப்பில் யாரும் மாநில ஆணையத்துக்குப் போகலாம். "வாடகை எவ்வளவு?" என்று கேட்ட மின்னஞ்சலை வைத்து நாள் எண்ணாதீர்கள். 62-350இன் கீழ் பேச்சுவார்த்தை கோருகிறோம் என்று தேதியிட்ட கடிதம் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள்.

"இடமில்லை" என்று மட்டும் சொல்லி மறுப்பதும் செல்லாது. கம்பிகளை நகர்த்தியோ கம்பத்தை மாற்றியோ தீர்க்க முடிந்தால், நியாயமான உண்மைச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மறுக்க முடியாது.

நூலிழை:
இரண்டுக்கும் நன்றி. சான்றிதழ் வந்தபின் அந்த 150க்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

அங்குலக்கணக்கு:
300 கம்பம்வரை வழக்கமான கெடு: விண்ணப்பம் முழுமையா என்று பார்க்க 10 வேலை நாள், சர்வே 45 நாள், மதிப்பீடு தர 14, நீங்கள் ஒப்புக்கொள்ள 14. பிறகு மேக்-ரெடி, அதாவது இருக்கும் கம்பிகளை நகர்த்தி உங்களுக்கு இடம் செய்யும் வேலை: தகவல்தொடர்புக் கம்பிகள் இருக்கும் பகுதிக்கு 30 நாள், அதற்கு மேலே மின் கம்பிகள் இருக்கும் பகுதிக்கு 90. விண்ணப்பத்தில் ஏதாவது விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள், சர்வே தொடங்கவே தொடங்காது.

எளிய வேலையென்றால் 'ஒன் டச்' முறையைக் கேளுங்கள். உங்கள் ஒப்பந்ததாரரே எல்லார் கம்பியையும் ஒரே தடவையில் நகர்த்துவார். விண்ணப்ப முடிவுக்கு 15 நாள், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 15 நாள் முன்னறிவிப்பு. எது எளியது என்று ஒரு கம்பத்தை வைத்துப் பாருங்கள். மின் நியூட்ரல் கம்பி 24 அடியில். பாதுகாப்புக்காக அதற்கு 40 அங்குலம் கீழே விட்டால் 20 அடி 8 அங்குலம். உங்கள் கம்பி அதற்கு மேலே போகக்கூடாது. கேபிள் 20 அடி 2 அங்குலத்தில், போன் கம்பி 19 அடியில். இடையில் 14 அங்குலம்தான். மேலும் கீழும் 12 வீதம் 24 வேண்டும். போன் கம்பியை 10 அங்குலம் இறக்கினால் உங்களுடையது 19 அடி 2 அங்குலத்தில் உட்காரும். இறக்கிய பிறகும் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் சாலைக்கு மேல் உயரம் போதுமானால் வேலை எளியது. போதாமல் மின் கம்பியை ஏற்ற வேண்டி வந்தாலோ, எங்காவது ஸ்ப்ளைஸை (கம்பி இணைப்பை) வெட்டிச் சேர்க்க வேண்டி வந்தாலோ 'ஒன் டச்' கிடையாது.

தராசுமுள்:
சர்வேயின்போது ஒவ்வொரு கம்பத்திலும் சிவப்பு டேக் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பழுதென்று மாற்றப் பட்டியலில் இருக்கும் கம்பத்தின் முழு விலையையும் புதிதாக வருபவர் தலையில் கட்டக்கூடாது, எஃப்.சி.சி. 2023 டிசம்பர் உத்தரவிலும் இதைச் சொல்லியிருக்கிறது. மதிப்பீட்டுத் தாளில் இந்த வரி சத்தமில்லாமல் நுழையும். அந்த 14 நாளுக்குள் கம்பம் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபியுங்கள்.